மேட்டில் தங்கம், பள்ளத்தில் ஆறு: தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது?

1863 வசந்தகாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் தென் தீவு, ஒடாகோ மாகாணம். இன்று கிளைடு என்று சொல்லப்படும், அன்று டன்ஸ்டன் என்று பேர்பெற்ற இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஆறு பேர் கூட்டத்துக்கு ஒரு கிளெய்ம், அதாவது தங்கம் தோண்ட உரிமையுள்ள ஒரு துண்டு நிலம், கிடைத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பவுண்டு கட்டி உரிமச் சீட்டு வாங்கியாயிற்று, நான்கு மூலையிலும் முளை அடித்தாயிற்று, ஒரு தட்டு மண்ணைக் கழுவிப் பார்த்ததில் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் மின்னவும் செய்தது. சிக்கல் என்னவென்றால் இந்த மண் கிடப்பது ஆற்று மட்டத்துக்கு முப்பது மீட்டர் மேலே ஒரு பழைய சரளை மேட்டில். கீழே ஓடுவது கிளுத்தா, அந்த நாட்டிலேயே அதிகத் தண்ணீர் சுமக்கும் ஆறு (மவோரிகள் அதை மாத்தா-ஆவ் என்பார்கள், தங்கம் தோண்ட வந்தவர்கள் மாலினியூ என்றார்கள்). மேலே ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழையோடு திருப்திப்பட்டுக்கொள்ளும் வறண்ட பூமி. ராத்திரி படுத்தால் ஆற்றுச் சத்தம் காதை அடைக்கும், காலையில் எழுந்தால் முகம் கழுவத் தண்ணீர் இருக்காது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அன்று இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து எது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். எனக்கு இதில் ஒரு தெளிவான கட்சி இருக்கிறது, மறைக்கப் போவதில்லை: மண்ணில் எவ்வளவு தங்கம் என்று பார்த்துத் தண்ணீர் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மண் எத்தனை வருஷம் தாங்கும் என்று பார்த்திருக்க வேண்டும்.

முதலில் இந்தக் கூட்டம் எப்படி அங்கே சேர்ந்தது என்று இரண்டு வரி. 1861இல் கேப்ரியல் ரீட் என்பவர் ஒடாகோவின் துவாபெக்கா பக்கம் ஒரு பள்ளத்தில் தங்கம் கண்டார், கலிபோர்னியாவிலும் விக்டோரியாவிலும் ஏற்கெனவே மண்வெட்டி பிடித்த ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஹார்ட்லி, ரெய்லி என்று இரண்டு பேர் டனீடன் நகரத்து அதிகாரி மேசையில் 87 பவுண்டு எடைத் தங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிலோவில் முப்பதைத் தாண்டும். கிளுத்தாவின் மலையிடுக்கில், ஆற்றோரத்தில், குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் வேலை பார்த்து எடுத்தது. இடத்தைச் சொன்னதற்கு அரசாங்கம் அவர்களுக்கு 2000 பவுண்டு பரிசு தந்தது. சேதி பரவியதும் கும்பல் ஓடியது, அதில் பலர் போய்ச் சேர்ந்தபோது ஆறு ஏறிவிட்டிருந்தது.

ஏன் ஏறியது என்பதில்தான் இந்த விஷயத்தின் பாதி அடங்கியிருக்கிறது. அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். மலைமேல் விழுவதெல்லாம் பனியாக உறைந்து மேலேயே தங்கிவிடும், அதனால் ஆறு இறங்கும், கரையோரச் சரளையும் பாறை இடுக்குகளும் வெளியே வரும். செப்டம்பர், அக்டோபரில் பனி உருகத் தொடங்கினால் அந்தக் கரையெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். நம்மவர்களுக்குக் கோடையில் வற்றும் ஆறுதான் பழக்கம், இது அப்படியே தலைகீழ். ஹார்ட்லியும் ரெய்லியும் குளிரில் உட்கார்ந்து எடுத்ததை, வசந்தத்தில் வந்தவர்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

காசே இல்லாதவன் செய்யக்கூடியது ஒன்றுதான், தண்ணீரை மேலே கொண்டுவராமல் மண்ணைக் கீழே கொண்டுபோவது. ஆற்றோரத்தில் ஒரு தொட்டிலை வைப்பார்கள். பேரே அதுதான், பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி அடியில் வளைந்த கட்டை வைத்த ஒரு மரப்பெட்டி. மேலே ஓட்டை போட்ட தகரம், அதில் மண்ணைக் கொட்டி ஒருவன் ஒரு கையால் அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் ஆட்டுவான். பெரிய கல் தகரத்திலேயே நின்றுவிடும், சன்னமானது கீழே சாய்ந்த பலகை வழியாக ஓடும், கனமான தங்கம் குறுக்குச் சட்டங்களில் தங்கும். இரண்டு பேர் சேர்ந்தால் பக்கத்திலேயே மண் இருக்கும்பட்சத்தில் நாளுக்கு மூன்றிலிருந்து ஐந்து கன கஜம் கழுவலாம். அந்த 'பக்கத்திலேயே' என்பதுதான் இடிக்கிறது. மூன்று கன கஜம் என்றாலே பத்து லிட்டர் வாளியில் 230 நடை, வாளிக்குப் பதினேழு பதினெட்டு கிலோ, ஆக நான்கு டன் மண். அதை முப்பது மீட்டர் சரிவில் இறக்க வேண்டும், வெறும் வாளியோடு ஏறிவர வேண்டும். இறக்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் உருளும் சரளையில் ஒரு தரம் கால் வைத்துப் பார்க்கட்டும். மேட்டு மண்ணுக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு வாளிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி தங்கம் கிடந்தால் ஒழிய வேண்டாம்.

ஆனால் இதே தொட்டில், இதே ஆற்றங்கரை, குளிர்காலத்தில் வேறு கணக்கு. ஆறு தானாகவே இறங்கி மண்ணையும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது, நீங்கள் எதையும் எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை. ஷாட்ஓவர் என்று கிளுத்தாவோடு சேரும் நதிக்கூட்டத்தில் ஓர் ஆறு. அங்கே 1862இல் டேன் எல்லிசன், ஹகாரியா ஹயெரோவா என்ற இரண்டு மவோரிகள் ஆற்றைக் கடக்கும்போது அவர்கள் நாயை வெள்ளம் இழுத்துப் போனது. நாயை மீட்கப் போன இடத்தில் பாறை இடுக்கில் தங்கம் தெரிய, இருட்டுவதற்குள் 300 அவுன்ஸ் எடுத்துவிட்டார்கள். அந்த இடம் இன்றும் மவோரி பாயின்ட். ஆற்றங்கரை என்றால் இப்படியும் கொடுக்கும். எடுக்கவும் செய்யும்: 1863 ஜூலையில், குளிர்காலத்தின் நட்டநடுவில், ஆறு தாழ்ந்தே இருக்கும் என்று நம்பிக் கரையோரம் கூடாரம் போட்டவர்கள் தலைமேல் மழை வெள்ளம் வந்தது, பலர் கூடாரத்தோடு போனார்கள். அதற்கடுத்த வாரங்களில் பெய்த பெரும்பனியில் மலைமேல் இருந்தவர்கள் மாண்டார்கள். ஆகவே கரைவேலை செய்யுங்கள், படுக்கையை மேலே போடுங்கள்.

அடுத்தது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கீழே இவ்வளவு தண்ணீர் ஓடுகிறதே, இறைத்தால் என்ன? ஆற்றோட்டமே சுழற்றும்படி பெரிய சக்கரம் ஒன்றை நிறுத்தி, அதன் விளிம்பில் வாளிகளைக் கட்டி மேலே ஊற்றலாம், அல்லது சக்கரத்தோடு வார்ப்பட்டை பம்பு ஒன்றை இணைக்கலாம். மரக்குழாய்க்குள் ஒரு முடிவில்லாத பட்டை ஓடும், பட்டையில் வரிசையாகப் பலகைகள், ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறும். கலிபோர்னியா பம்பு என்று அதற்குப் பேர், சீனர்கள் வயலுக்கு இறைத்த பழைய கருவியின் சாடை அதில் அப்படியே இருக்கிறது. குழிக்குள் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்க இது அருமையான சாமான், அதில் சந்தேகமே இல்லை.

மேட்டு மண்ணைக் கழுவுவதற்கு? இங்கே ஒரு கணக்கு போட்டே ஆக வேண்டும். நியூசிலாந்தில் தண்ணீரை 'ஹெட்' என்ற அளவில் பேசினார்கள், ஒரு ஹெட் என்றால் வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் சொச்சம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 24 லட்சம் லிட்டர், நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 200 லாரி. மேட்டுச் சரளையை வெட்டிக் கரைத்து ஓடவிட ஒரு ஹெட் என்பது ஆரம்ப அளவுதான், இரண்டு மூன்று இருந்தால்தான் வேலை வேலையாக நடக்கும். அந்த ஒரே ஒரு ஹெட்டை முப்பது மீட்டர் தூக்க, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பதினோரு குதிரைத் திறன் ஓயாமல் வேண்டும். மாட்டைக் கட்டிக் கவலை இறைத்தால் ஒரு ஜோடிக்கு ஒரு குதிரைத் திறன் என்று தாராளமாகவே போடுங்கள், பதினோரு ஜோடி மாடு ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், மாடு மாற்ற இன்னொரு பங்கு. மனுஷன் இறைப்பது என்றால் நூறு பேருக்கு மேல். ஆற்றுச் சக்கரத்தால் தூக்க முடிந்தது சில மீட்டர் உயரம், அதுவும் தொட்டிலுக்கும் சின்ன மரத்தொட்டிக்கும் போதுமான அளவு. முப்பது மீட்டர் அல்ல. பனி உருகி ஆறு ஏறும்போது சக்கரம் முதலில் போகும் என்பது வேறு.

நீராவி இயந்திரம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, அந்தப் பக்கம் பழுப்பு நிலக்கரியும் மண்ணுக்கடியில் இருந்தது. டனீடனிலிருந்து மலைகளைத் தாண்டி மாட்டு வண்டியில் கொதிகலனைக் கொண்டுவரும் செலவை நினைத்தால் 1863இல் ஆறு பேர் கூட்டத்துக்கு இது பேச்சே இல்லை. ஆற்றின் சக்தியைப் பிடித்தவர்கள் வேறு மாதிரி பிடித்தார்கள், தண்ணீரை மேலே தூக்காமல் தோண்டும் மேடையையே ஆற்றில் மிதக்கவிட்டார்கள். ஓட்டத்தில் சுழலும் சக்கரம் வைத்த மிதவைகள், கடைசியில் 1881இல் 'டனீடன்' என்று பேர்வைத்த முதல் நீராவி வாளிச்சங்கிலி டிரெட்ஜர். அதெல்லாம் ஆற்றடித் தங்கத்துக்கு. நம்முடையது மேட்டுத் தங்கம்.

மூன்றாவது வழிதான் அந்த நாட்டின் முகத்தையே மாற்றியது. ஆற்றை மறந்துவிட்டு மேலே பாருங்கள். மலையில் உங்கள் கிளெய்மைவிட உயரத்தில் எங்கோ ஒரு சிற்றோடை இருக்கும். அதில் ஒரு சின்ன அணையைக் கட்டி, தண்ணீரை மலைச்சரிவின் வளைவுநெளிவுகளிலேயே நடத்திக் கூட்டிவந்து, உங்கள் மண்ணுக்குப் பின்னால், மேலேயிருந்து விழவைக்க வேண்டும். 'ரேஸ்' என்றார்கள். வாய்க்கால்தான், வேறொன்றுமில்லை. இறைக்கும் கூலி கிடையாது, கரி கிடையாது, ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும். தண்ணீர் மேலேயிருந்து வருவதால் விழும் வேகமும் இனாமாகக் கிடைக்கிறது, கேன்வாஸ் குழாயில் அடைத்து விட்டால் மண்சுவரைப் பீய்ச்சியே இடிக்கலாம். பின்னால் இரும்புக் குழாயும் பித்தளை முனையும் வந்தபோது முழு மலையையே கரைத்தார்கள். செயின்ட் பேதன்ஸ் என்ற ஊரில் ஒரு குன்று இருந்த இடத்தில் இன்று ஆழமான நீல ஏரி இருக்கிறது, போய்ப் பார்த்தால் நம்பவே முடியாது.

ஆனால் வாய்க்கால் வெட்டுவது எப்படிப்பட்ட வேலை? கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டருக்குள்தான் இறக்கம் கொடுப்பார்கள். அதிகம் கொடுத்தால் கரையை அரித்துவிடும், உயரமும் வீண், குறைத்தால் வண்டல் படிந்து நிற்கும். மட்டம் பார்க்கும் கருவிக்குக் காசு இல்லாதவர்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு கால் வைத்த ஒரு மரச்சட்டம் செய்து, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு கட்டி, ஒரு காலை மட்டும் சற்றே நீளமாக விடுவார்கள். நூல் நடுக்கோட்டில் நின்றால் தரை சரியான இறக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தச் சட்டத்தைத் திருப்பிவிடாமல், நீளமான கால் எப்போதும் முன்னால் இருக்கும்படி நகர்த்திக்கொண்டே மலையைச் சுற்றி முளை அடித்துப் போக வேண்டும். மூன்று மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் இறக்கம், அதுதான் மொத்த வித்தையும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நாலாயிரமாவது தடவை சட்டத்தை ஊன்றும்போதும் அதே ஆறு மில்லிமீட்டர் சரியாக இருக்க வேண்டும், வழியில் எங்காவது ஒருவன் அவசரப்பட்டிருந்தால் தண்ணீர் அந்த இடத்தில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். முழங்கால் ஆழம், இரண்டடி அகலம். ஆளுக்கு நாளுக்குப் பத்து மீட்டர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 200 வேலைநாள், அதுவும் எல்லாம் மண்ணாக இருந்தால். பாறைமுகம் வந்தால் வெட்ட முடியாது, பக்கத்தில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி அதன்மேல் நடத்த வேண்டும். பள்ளம் வந்தால் மரக்கால் நட்டுப் பலகைத் தொட்டியில் தாண்ட வைக்க வேண்டும். பலகைக்கு எங்கே போவது? கலிபோர்னியாக்காரன் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மரத்தொட்டி கட்டிப் பழகியவன், அவனுக்குக் காடு இருந்தது. மத்திய ஒடாகோவில் மரமே கிடையாது. முள்ளுப்புதரை வெட்டிக் கஞ்சி காய்ச்சிய ஊர் அது. வானகா ஏரிக்கு அப்பால் மகரோராவில் மரம் அறுத்துத் தெப்பமாகக் கட்டி கிளுத்தாவிலேயே மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த பலகையின் விலையைக் கேட்டுவிட்டு, பள்ளத்தைத் தாண்டுவதைவிட இரண்டு மைல் சுற்றிப் போவதே மேல் என்று முடிவுசெய்தவர்கள் உண்டு. ஒடாகோ வாய்க்கால்கள் அப்படி வளைந்து வளைந்து போவதற்குப் பலகை விலையும் ஒரு காரணம்.

வெட்டி முடித்த அன்று தண்ணீர் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதல் சில நாள் வாய்க்காலே குடித்துவிடும். சரளையில் கசியும், எலும்பு மாதிரி உடைந்த அடுக்குப் பாறையில் காணாமல் போகும், களிமண்ணைக் குழைத்து மிதித்துப் பூசிக்கொண்டே போக வேண்டும். அப்புறம் வருஷம் முழுக்க ஒருவன் மண்வெட்டியோடு கரையிலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும், ஒரு கை அகலத்துக்கு உடைந்தால் போதும், மறுநாள் காலை கிளெய்மில் ஈரம்கூட இருக்காது. இந்த ஒரு வருஷமும் உங்கள் ஆறு பேருக்கும் வருமானம் கிடையாது. மாவும் தேயிலையும் மளிகைக்கடையில் கடன். கடைக்காரர் கொஞ்ச நாளில் வாய்க்காலில் பங்கு கேட்பார், அநேகமாகக் கிடைக்கவும் செய்யும்.

சட்டப்பக்கமும் உண்டு. தண்ணீரை நினைத்தபடி திருப்ப முடியாது, வார்டன் என்ற தங்கவயல் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து எத்தனை ஹெட், எந்த ஓடை என்று பதிவுசெய்ய வேண்டும், ஆட்சேபம் கேட்பார்கள், ஓடையில் கீழே வேலை செய்பவர்களுக்கும் தண்ணீர் விட்டாக வேண்டும். முதலில் பதிந்தவனுக்கு முதல் உரிமை. ஓடை வற்றும்போது கடைசியாகப் பதிந்தவனின் மடைதான் முதலில் அடைபடும். ஆகவே வாய்க்காலின் நீளத்தைவிட, அகலத்தைவிட, அந்தக் காகிதத்தில் இருக்கும் தேதிதான் பெரிய சொத்து. இரண்டு வாய்க்கால் விலைக்கு வந்தால் நான் கட்டுமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பார்ப்பேன்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, போகவும் வழி வேண்டும். மேட்டைக் கரைத்தால் கல்லும் சேறும் எங்காவது போய் விழ வேண்டுமே. ஆற்றுக்கு மேலே தொங்கும் திட்டு என்றால் கவலையில்லை, எல்லாவற்றையும் ஆற்றில் தள்ளிவிடலாம் (ஆற்றுக்குக் கவலை, அது யார் கேட்டார்கள்). சமதளமான பள்ளத்தாக்கில் உங்கள் கழிவே உங்கள் வாசலை அடைத்துவிடும். அதனால் பெரிய கற்களைக் கையால் பொறுக்கி இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கினார்கள், நடுவில் ஓடும் வழி. கிராம்வெல் பக்கம் குவார்ட்ஸ் ரீஃப் பாயின்ட்டில் மீன் முள் மாதிரி நடுத்தண்டும் இரண்டு பக்கக் கிளைகளுமாக அந்தக் கல் வரிசைகள் இன்றும் கிடக்கின்றன.

நான்காவது வழி, அடுத்தவன் வாய்க்காலில் தண்ணீர் வாங்குவது. முதலீடு கிடையாது, நாளைக்கே வேலை தொடங்கலாம், மண் ஏமாற்றினால் மறுநாள் மூட்டையைக் கட்டலாம். இதில் உள்ள தொல்லை உங்களுக்கே தெரியும்: தேவைப்படும்போதுதான் கிடைக்காது. கோடை முற்றி ஓடை மெலியும்போது கிளெய்ம்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், விலையை விற்பவன் சொல்வான். பேனக்பர்ன் பக்கம் ஸ்டூவர்ட் டவுன் என்று ஒரு மண்சுவர் வீடு பாழடைந்து நிற்கிறது. அங்கே இருந்த இரண்டு கூட்டாளிகள் வாய்க்காலும் அணையும் வைத்துத் தண்ணீர் விற்றார்கள், பக்கத்தில் பழமரம் வளர்த்தார்கள். தோண்டியவர்கள் வந்தார்கள், போனார்கள். தண்ணீர் விற்றவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மரம் காய்க்கும்வரை இருந்தார்கள்.

வாங்குவதென்று முடிவானால் ஒரு சூட்சுமம் சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டவர்களுக்கே வாடகைத் தண்ணீர் லாபம். தண்ணீர் 24 மணி நேரமும் வருகிறது, நீங்கள் எட்டு மணி நேரம்தான் வேலை செய்கிறீர்கள். மீதிப் பதினாறு மணி நேரத் தண்ணீரை ஒரு சின்ன குட்டையில் பிடித்துவைத்தால், பகலில் வருவதோடு சேர்ந்து ஒரு ஹெட் மூன்று ஹெட் ஆகிவிடுகிறது. அதே காசு. குட்டைக்குச் சுமார் 1600 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும், அதாவது நாற்பது மீட்டருக்கு நாற்பது மீட்டர், ஒரு மீட்டர் ஆழம். ஆறு பேர் ஒரு பள்ளத்தின் வாயை அடைத்தே இதைச் செய்துவிடலாம், வாய்க்கால் வெட்டுவதோடு ஒப்பிட்டால் விளையாட்டு வேலை. மூன்று ஹெட்டின் பலன் ஒரு ஹெட்டின் மூன்று மடங்கு மட்டுமல்ல, ஒற்றை ஹெட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கல் மூன்றில் உருண்டு போய்விடும். பேனக்பர்ன் மேடுகளில் இப்படிப்பட்ட குட்டைகளின் கரைகள் இன்னும் தெரிகின்றன.

குளிர்காலத்தில் இந்தக் குட்டைகள் உறைந்துபோகும், வாய்க்காலும் உறையும், மேட்டுவேலை நின்றுவிடும். நேஸ்பி என்ற ஊரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் உறைந்த நீர்மேல் கல்லைச் சறுக்கிவிட்டு கர்லிங் ஆடினார்கள், அந்த ஊர் இன்றும் அந்த விளையாட்டுக்குத்தான் பேர்போனது. வேலை இல்லாத நாளில் வேறென்ன செய்வது என்று கேட்டால், மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், வாய்க்கால் உறையும் அதே மாதங்களில்தான் ஆறு இறங்குகிறது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, ஆசைப்படலாம், நம்பிக் காத்திருக்கக் கூடாது: அரசாங்கமோ பெரிய கம்பெனியோ வெட்டும் நீண்ட வாய்க்கால். நேஸ்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்த மவுன்ட் ஐடா ரேஸ் 108 கிலோமீட்டர், 1877இல் முடிந்தது. நெவிஸ் பள்ளத்தாக்குப் பக்கத்து ஓடையிலிருந்து மலைத்தொடரைத் தாண்டிப் பேனக்பர்ன் பக்கம் வந்த கேரிக் ரேஸும் 1870களின் வேலை. கூட்டம் ஓடிவந்தது 1862இல். தண்ணீர் வந்தபோது கைக்கெட்டிய நல்ல மண்ணில் பெரும்பகுதி கழுவப்பட்டுவிட்டது. அந்த இரண்டு வாய்க்காலும் வீணாகவில்லை, இன்றும் ஓடுகின்றன, வயலுக்கும் புல்லுக்கும். ஆனால் 1863இல் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

ஆறாவது வழியை அன்று யாரும் ஒரு வழியாகவே மதிக்கவில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். மேலே ஒருவன் கழுவிவிட்ட கலங்கல் தண்ணீர் கீழே வருகிறதல்லவா, அதைப் பிடித்து மறுபடி உபயோகிப்பது. சேறாக இருக்கும், சன்னத் தங்கத்தைப் பிடிப்பது சிரமம், ஆனால் விலை குறைவு அல்லது விலையே இல்லை. 1866இல் ஒடாகோவுக்குச் சீனர்கள் வரத் தொடங்கினார்கள், டனீடன் வியாபாரிகள் அழைத்துத்தான் வந்தார்கள், தங்கம் தோண்டிய வெள்ளைக்காரர்கள் மேற்குக் கரைப் புதுத் தங்கத்தைத் தேடி ஓடி ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. சீனர்கள் செய்தது பார்க்க எளிது: மற்றவர்கள் கழித்துப்போட்ட மண், கைவிட்ட கிளெய்ம், அதோடு சேர்ந்து வந்த பழைய வாய்க்கால், தண்ணீர் உரிமை. புதிதாகவும் வெட்டினார்கள், ஆனால் கிடைத்த இடத்தில் விலைகொடுத்து வாங்கினார்கள். பழைய தேதி போட்ட காகிதம் எவ்வளவு பெறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படி உழைத்தவர்களின் இனத்தார் புதிதாக வந்து இறங்கினால் தலைக்கு 10 பவுண்டு என்று 1881இல் வரி போட்டது அந்த நாடு, 1896இல் அதை 100 ஆக்கியது. அவர்களுடைய கிராம்வெல் குடியிருப்பு இருந்த இடம் 1990களில் கிளைடு அணை நீருக்குள் போய்விட்டது.

இப்போது முடிவெடுக்கலாம். உங்கள் மேட்டுத் திட்டு சின்னது, இரண்டு பருவத்தில் முடிந்துவிடும் என்றால், எவ்வளவு வளமாக இருந்தாலும் சொந்த வாய்க்கால் வெட்டாதீர்கள். இங்கேதான் பலரும் சறுக்கினார்கள், தட்டில் மஞ்சள் நிறையத் தெரிந்ததும் இவ்வளவு தங்கம் இருக்கிறதே, ஒரு வருஷம் போனால் என்ன என்று வெட்டத் தொடங்கிவிடுவார்கள், தண்ணீர் வந்த மூன்றாவது மாதம் மண் தீர்ந்துவிடும், பக்கத்தில் வாங்க ஆள் இருந்தால் பிழைத்தார்கள், இல்லாவிட்டால் மளிகைக்கடைக்காரருக்கு ஒரு வாய்க்கால் கிடைத்தது. மாறாக மண் சுமார்தான், கன கஜத்துக்கு எதுவோ கொஞ்சம்தான், ஆனால் திட்டு ஒரு மைல் நீளம், சுற்றிலும் இன்னும் பத்துக் கூட்டம் இருக்கிறது என்றால் வெட்டுங்கள். ஆறு பேர் போதாது, இரண்டு கூட்டத்தைச் சேர்த்துப் பன்னிரண்டு பேராகுங்கள், பாதிப் பேர் எங்காவது கூலிவேலை செய்து மீதிப் பேருக்குச் சோறு போடட்டும். வார்டனிடம் முதலில் போய்ப் பதிந்துவிட்டு அப்புறம் மண்வெட்டியைத் தேடுங்கள். இறைக்கும் யோசனையை யார் கொண்டுவந்தாலும் அந்தப் பதினோரு ஜோடி மாட்டை ஞாபகப்படுத்தி அனுப்பிவிடுங்கள்.

என் கையில் இருப்பது சின்னத் திட்டு, கொஞ்சம் கடன், ஆறு பேர் என்றால் நான் இதைத்தான் செய்வேன்: அக்டோபரில் பக்கத்து வாய்க்காலில் ஒரு ஹெட் வாடகைக்குப் பேசுவேன், கிடைக்காவிட்டால் அரை ஹெட்டும் கலங்கல் தண்ணீரும், குட்டையை முதல் பத்து நாளிலேயே கட்டிவிடுவேன், ஏப்ரல் வரை மேட்டில் கழுவுவேன். மே மாதம் ஒரு நாள் காலையில் வாய்க்கால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி பனித்தகடு தெரியும். அன்றைக்கே தொட்டிலையும் அகப்பையையும் தோளில் போட்டுக்கொண்டு, கூடாரத்தை மட்டும் மேலேயே விட்டுவிட்டு, ஆற்றுக்கு இறங்கிவிடுவேன்.